இருபது கண்டால் ஒன்று

தென்மேல் மழை கொழும்பைப் பிடித்துக்கொண்டால் வெள்ளவத்தையின் கடற்கரைப் பக்க ஒழுங்கைகளில் எதுவும் காயாது. துவாய் காயாது. உப்புப் போத்தலுக்குள் உப்பு கசியும். அலுமாரிக்குள் மடித்து வைத்த கூறைச்சேலையில்கூடப் பூஞ்சணம் பிடிக்கும். அந்த நாள்களில் மற்ற வீட்டுக்காரர் பள்ளிக்கூடச் சட்டைகளையும் ஒபிஸ் சேட்டுகளையும் அயன் பண்ணிக் காயவைத்துக்கொண்டிருக்க, மூன்றாம் மாடி கனகேஸ்வரி பழைய பேப்பர்களை அயன் பண்ணிக்கொண்டிருப்பாள். தலைப்புச் செய்தி, மரண அறிவித்தல், மணமகள் தேவை எல்லாம் அவளுடைய அயன் பெட்டிக்கு ஒன்றுதான்.

அவளுடைய மனுசன் தியாகராசா முப்பது வருசம் தாவரவியல் படிப்பித்தவர். அறுபதில் ஓய்வு கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். அதற்குப் பிறகு இரண்டு வருசம் யன்னலோரக் கதிரையில் இருந்து, கடற்கரைத் தண்டவாளத்தில் போகிற கோச்சிகளை எண்ணினார். விளையாட்டுக்கு இல்லை, உண்மையாகவே எண்ணினார். காலையில் இத்தனை, பின்னேரம் இத்தனை என்று அவளுக்குச் சொல்வார். அந்த இரண்டு வருசத்தை நினைக்கக்கூடக் கனகேஸ்வரிக்குப் பிடிக்காது.

பிறகுதான் அவரிடம் படித்த ஷிப்லி வந்தான். காலி வீதியில் ஒரு கடைக்கு மேல் சின்னக் கந்தோர் வைத்திருந்தான். ஆராவது காட்டுப் பக்கம் றோட்டுப் போடவோ கல் உடைக்கவோ வெளிக்கிட்டால், அங்கே என்ன மரம், என்ன செடி நிற்கிறது என்று பட்டியல் எடுத்துக் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். அந்தப் பட்டியலை எடுக்கிற ஆளாகத் தியாகராசா காட்டுக்குள் இறங்கினார். நாலு நாள், ஐந்து நாள் போவார். அட்டை கடித்த காலோடும் ஈரச் சாக்கோடும் வருவார். சாக்குக்குள் இருக்கிற இலைகளைப் பேப்பர்களுக்கு நடுவில் வைத்து, இரண்டு பலகைக்கு இடையில் நெருக்கி, ஒவ்வொரு நாளும் காய்ந்த பேப்பர் மாற்ற வேண்டும். மாற்றுகிறவள் கனகேஸ்வரி. அவருடைய கையெழுத்து நடுங்கத் தொடங்கிய பிறகு, துண்டு எழுதி ஒட்டுகிறவளும் அவள்தான். இவ்வளவு செய்தும் ஒருநாளும் அவள் ஒரு காட்டையும் கண்டதில்லை. அவளுக்குத் தெரிந்த காடெல்லாம் தட்டையான காடு.

பல்கனியில் ஒரு வெள்ளைப் பெயின்ற் வாளி இருந்தது. அதற்குள் நாலு இலை நின்றது. போன ஐப்பசியில் அவர் மழைக்கோட்டுக்குள் சுற்றிக் கொண்டுவந்தது. அடியில் வெங்காயம் மாதிரிக் கிழங்கு இருந்ததால் அவளுக்கு அது "உங்கடை வெங்காயம்" ஆகிவிட்டது. லில்லிக் குடும்பம் என்பது மட்டும் அவருக்குத் தெரியும். பூக்காமல் பேர் சொல்ல ஏலாது என்றார். குழாய்த்தண்ணி ஆகாது என்றும் சொன்னபடியால், பல்கனிக் கம்பியில் பேசின் கட்டி மழைத்தண்ணி பிடித்து, ஒருநாள் விட்டு ஒருநாள் ஊற்றினாள். ஒன்பது மாதம் ஊற்றினாள். கடல்காற்று உப்பைக் கொண்டுவந்து இலையில் படியவிடும். ஈரப் பஞ்சால் ஒவ்வொரு இலையாகத் துடைத்துவிடுவாள். திட்டிக்கொண்டுதான் துடைப்பாள்.

அன்று ஆனி மாதத்து வியாழக்கிழமை. அவர் முதல்நாள்தான் ஒரு பயணத்தால் வந்து, முழங்கால் வீங்கிப் படுத்திருந்தார். கனகேஸ்வரி விடிய எழும்பி, கோப்பிக்குத் தண்ணி வைத்துவிட்டுப் பல்கனிக்குப் போனாள். வெங்காயம் பூத்திருந்தது. ஒரு சாண் தண்டு, நுனியில் தலை குனிந்த ஒற்றைப் பூ. வெள்ளை. இதழின் முதுகில் மட்டும் பச்சைக் கோடு. மொட்டு வந்ததை அவள் நாலு நாளாகக் கண்டிருந்தாள்; இவ்வளவு கெதியில் விரியும் என்று நினைக்கவில்லை.

"இஞ்சருங்கோ… எழும்புங்கோ. உங்கடை வெங்காயம் வந்திட்டுது."

தியாகராசா கண்ணாடியைத் தேடி எடுத்து, சுவரைப் பிடித்துப் பிடித்து வந்தார். வாளிக்குப் பக்கத்தில் நிலத்தில் குந்தப் பார்த்தார், முழங்கால் விடவில்லை. அப்படியே இருந்துவிட்டார். கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பூவைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"என்னப்பா, வடிவில்லையோ?" என்று கேட்டாள்.

"கனகம், இது பன்ரண்டு மணிக்கு மேலை இராது. இதழின்ரை கரையைப் பார், இப்பவே தளருது. ஆரும் பார்க்கவேணும். நான் நினைக்கிறது சரியோ எண்டு ஆரும் சொல்லவேணும்."

"போட்டோ எடுத்து அனுப்புங்கோவன்."

"போட்டோவிலை உள்ளுக்கை தெரியாது. மெற்றில்டாவிட்டைப் போவம்."

"இந்த முழங்காலோடையோ? கொட்டாஞ்சேனைக்கோ?"

"நீ வாளியைப் பிடி. நான் என்னைப் பிடிக்கிறன்."

ஒன்பது மாதத்தில் அவர் சொன்ன முதல் பகிடி அது. அவளுக்கு அலுப்பாகத்தான் இருந்தது. கோப்பியை அரைவாசி குடித்துவிட்டு, பாணுக்குச் சம்பல் தடவிச் சுற்றி எடுத்துக்கொண்டு, வாளியைத் தூக்கினாள்.

கொட்டாஞ்சேனையால் போகிற மட்டக்குளி பஸ்சில் சனம் பிதுங்கியது. ஒரு பெடிச்சி எழும்பி இடம் கொடுத்தாள். கனகேஸ்வரி வாளியை மடியில் வைத்து, சேலைத் தலைப்பால் பூவுக்குக் காற்றுப் படாமல் மறைத்துக்கொண்டாள். தியாகராசா கம்பியைப் பிடித்தபடி பூவையே பார்த்துக்கொண்டு நின்றார். ஒவ்வொரு பிறேக்குக்கும் அவருடைய முகம்தான் சுருங்கியது.

அவருக்குள் இருந்த பூரிப்புக்கு அடியில் வேறொன்று கிடந்ததை அவள் அறிவாள். படிப்பித்த காலம் முழுக்க அவர் ஒரு சட்டம் சொல்லுவார். காட்டில் ஒரு செடியை இருபது கண்டால் ஒன்று எடு. பத்தொன்பது கண்டால் கும்பிட்டுவிட்டு வா. பிள்ளைகள் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள். அப்படிப்பட்டவர், மத்துகமைக்கு அங்கால், றப்பர் தோட்டத்துக்குப் பின்னால் இருந்த காட்டுத்துண்டில், ஒன்றே ஒன்று கண்டு, அந்த ஒன்றையும் எடுத்துவிட்டார். கல் உடைக்கிற கொம்பனிக்காரன் அனுமதி வரமுன்னமே பெக்கோ மிஷினை இறக்கிப் பாதை வெட்டிக்கொண்டிருந்தான். மிஷின் பதினைந்து அடியில் நின்றது. நிலம் அதிர்ந்தது. இன்னும் ஒரு மணித்தியாலத்தில் செடி நசிந்துவிடும் என்று நினைத்து, கையாலேயே கிண்டி, வேர் அறாமல், குட்டிக் கிழங்குகளையும் பொறுக்கிக்கொண்டு வந்தார். அடுத்தநாள் ஊர்ச்சனம் வழியை மறித்தது. பெக்கோ திரும்பிப் போனது. அந்த இடத்தில் ஒரு புல்லும் நசியவில்லை. பூக்கட்டும், ஆளைத் தெரியட்டும், பிறகு கொண்டுபோய் வைப்போம் என்று நாளைக் கடத்தினார். கேட்டால் கோபம் வந்தது.

மெற்றில்டா வீடு கோயிலடியால் உள்ளுக்குத் திரும்புகிற ஒடுங்கிய சந்துக்குள். மலைநாட்டில், காய்ந்த செடிகளைத் தாளில் ஒட்டிச் சேர்த்து வைக்கிற களஞ்சியம் ஒன்றில் முப்பத்தாறு வருசம் வேலை செய்தவள். விஞ்ஞானி இல்லை. பசை பூசுகிறது, நூலால் தைக்கிறது, பூச்சி அரித்த தாளை மாற்றுகிறது அவளுடைய வேலை. ஓய்வுபெற்று தங்கச்சியோடு வந்திருக்கிறாள். இவர்கள் போகும்போது மீன் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"அந்தோனியாரே! தியாகு சேரா? வாங்க, உள்ள வாங்க. அக்காவும் வந்திருக்காங்க. இருங்க, கை கழுவிட்டு வாறேன். பிளேன்ரீ குடிக்கிறீங்களா?"

"பிறகு குடிப்பம் மெற்றில்டா. முதல் இதைப் பாருங்கோ. நான் ஒண்டும் சொல்லமாட்டன். நீங்கள் சொல்லுங்கோ."

மெற்றில்டா கையை இரண்டுதரம் சவர்க்காரம் போட்டுக் கழுவினாள். மீன் மணம் போகவில்லை என்று தேசிக்காய் தேய்த்து மூன்றாம்தரம் கழுவினாள். வாளியைக் கதவடி வெளிச்சத்துக்கு இழுத்து, சங்கிலியில் தொங்கிய பூதக்கண்ணாடியைக் கண்ணில் வைத்தாள். பூவைத் தொடாமல் தன் தலையைக் கீழே கொண்டுபோய் உள்ளுக்குப் பார்த்தாள். எழுபது வயது மனுசி நிலத்தில் கன்னம் முட்டக் கிடந்தாள்.

"உள்ளுக்க ஆறு மகரந்த நரம்பு இருக்கு சேர்."

"லில்லி எண்டால் ஆறுதானே."

"பொறுங்க. மூணு நீட்டு, மூணு கட்டை. கட்டையா இருக்கிற மூணும் அடில ஒண்ணா ஒட்டியிருக்கு. சட்டைக் கொலர் மாதிரி." அவள் தலையைத் தூக்கினாள். கண் கலங்கியிருந்தது. "இந்தக் கொலர நான் கண்டிருக்கேன்."

"எங்கை?"

"களஞ்சியத்தில ஒரு தாள் கிழிஞ்சு வந்துச்சு. இலை நாலு, தண்டு ஒண்ணு. பூ கழண்டு சின்ன என்வலப்புல கிடந்துச்சு. சருகு. அதச் சுடுதண்ணில ஊறப்போட்டு, ஊசியால விரிச்சுத் திருப்பி ஒட்டினது நான்தான் சேர். ஒரு கிழமை எடுத்துச்சு. கொலர் பிஞ்சிடும்னு மூச்சே விடல. வெள்ளைக்காரன் எழுத்து, ஆயிரத்து எண்ணூத்துச் சொச்சம். அதுக்குப் பிறகு ஒருத்தரும் கொண்டாந்து குடுக்கல. அந்தச் செடிக்கு வச்ச கவருக்குள்ள அந்தத் தாள் ஒண்ணுதான்."

தியாகராசா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். "நானும் அதைத்தான் நினைச்சனான். படம்தான் கண்டனான். படத்திலை கொலர் இல்லை."

"படம் கீறினவன் காய்ஞ்ச பூவப் பாத்துக் கீறியிருப்பான். அவனுக்கு எங்க தெரியும்?"

இருந்தாலும் வாய்ச்சொல் போதாது என்று, களஞ்சியத்தில் இன்னும் வேலை செய்கிற ஒருத்திக்குப் போன் எடுத்து, எத்தனையாம் அலுமாரி, எந்தத் தட்டு என்று மனப்பாடமாகச் சொன்னாள். பிளேன்ரீயும் கிறீம் கிறேக்கரும் வந்து, சம்பல் பாணும் தின்று முடிகிறபோது போனில் படம் விழுந்தது. மூன்று பேரும் தலையை முட்டிக்கொண்டு பார்த்தார்கள். மண்ணிற இலை, மண்ணிறத் தண்டு, மண்ணிறப் பூ, அதில் சட்டைக் கொலர். கனகேஸ்வரிக்கே தெரிந்தது. நூற்றுச் சொச்சம் வருசம் ஒருவரும் காணாத ஒன்றை, திட்டித் திட்டித் தண்ணி ஊற்றி வளர்த்திருக்கிறாள். அவளுக்குச் சந்தோசமாக இருந்தது. அந்தக் கிழமை முழுவதற்கும் அவ்வளவுதான் சந்தோசம்.

"அங்க இன்னும் எத்தன நிக்குது சேர்?" என்று மெற்றில்டா கேட்டாள்.

தியாகராசா வாளி விளிம்பில் ஒட்டியிருந்த மண்ணை விரலால் துடைத்தார். மெற்றில்டா அவரைப் பார்த்தாள், வாளியைப் பார்த்தாள், பிறகு கனகேஸ்வரியைப் பார்த்தாள். முப்பத்தாறு வருசம் அந்த வேலையில் இருந்தவளுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. உள்ளே போய்க் கத்தரிக்கோலும் பேப்பரும் கொண்டுவந்தாள்.

பதினொரு மணிக்கு இதழ் துவளத் தொடங்கியது. தண்டை வெட்டிப் பேப்பருக்குள் வைக்க வேண்டும். தியாகராசா கத்தரிக்கோலை வாங்கினார், வைத்தார், திரும்ப எடுத்தார். கனகேஸ்வரி வாங்கி வெட்டினாள்.

அன்று பின்னேரம் ஷிப்லி வந்தான். காலி வீதி வெள்ளத்தில் நனைந்த காற்சட்டையை முழங்கால் வரைக்கும் மடித்துக்கொண்டு வந்தான். விசயத்தைக் கேட்டதும் சேருடைய கையைப் பிடித்துக் குலுக்கினான். குலுக்கி முடிகிறபோதே அவனுடைய முகம் மாறிவிட்டது.

"சேர், புதன்கிழமை கமிட்டி சைட்டுக்கு வருது. கல் உடைக்க உடுறதா இல்லயா எண்டு அண்டைக்குத்தான் முடிவு. இந்தப் பூ அங்க ஈக்கி எண்டா ஒரு கல்லும் எடுக்க ஏலா. ஆனா நான் இத எப்படி ரிப்போர்ட்ல போடுற? காடு ஈக்கிறது மத்துகமைல, செடி ஈக்கிறது உங்கட பல்கனில."

"தெரியும்."

"காட்டச் சொல்லுவாங்க சேர். எங்க எண்டு கேப்பாங்க."

"தெரியுமடா."

"எடுத்தது எண்டு சொன்னா அது வேற கேஸ். பெர்மிட்ல இலை பறிக்கத்தான் விட்டீக்கி. கிழங்கோட எடுக்க ஏலா. உங்கட பெர்மிட்ட வெட்டிருவாங்க. பொறகு நீங்க எந்தக் காட்டுக்குள்ளயும் கால் வைக்க ஏலா."

மழை பல்கனித் தகரத்தில் அடித்தது. கனகேஸ்வரி தேத்தண்ணிக் கோப்பைகளை வைத்துவிட்டு நின்றாள். காட்டுக்குள் கால் வைக்காத தியாகராசாவை அவளுக்குத் தெரியும். யன்னலோரக் கதிரை இன்னும் அதே இடத்தில்தான் கிடந்தது.

"நான் ஒண்டு கேக்கட்டோ?" என்றாள். "திங்கக்கிழமை வெள்ளனக் கொண்டுபோய் எடுத்த இடத்திலேயே நட்டுவிட்டால் என்ன? அது நிண்ட இடம்தானே. புதன்கிழமை வந்து பார்க்கட்டும். காடும் மிஞ்சும், நீங்களும் மிஞ்சுவியள்."

ஷிப்லி நிலத்தைப் பார்த்தபடி இருந்தான். "வேன் ஈக்கி சேர்," என்றான் மெல்ல.

தியாகராசா உடனே மாட்டேன் என்று சொல்லிவிடவில்லை. அதைச் சொல்லவேணும். அவர் அவ்வளவு பெரிய அரிச்சந்திரன் இல்லை. பல்கனிக்குப் போய் வாளியைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு கோச்சி போனது. இன்னொன்று போனது.

"தண்டு வெட்டியிருக்கு," என்றார் திரும்பி வந்து.

"மாடு கடிச்சது எண்டு சொல்லலாம்," என்றாள் கனகேஸ்வரி.

"கத்தரிக்கோல் வைச்சிருக்கிற மாடோ?"

ஷிப்லி சிரித்துவிட்டான். அவள் சிரிக்கவில்லை.

"இல்லை கனகம். கேள். நான் கொண்டுபோய் நடுறன். கமிட்டி பார்க்குது. எழுதுது. இன்ன மண்ணிலை, இன்ன நிழலிலை, ஓடையிலையிருந்து இத்தினை அடியிலை நிக்குது எண்டு. நூறு வருசத்துக்குப் பிறகும் ஒருத்தன் அதை வாசிச்சு நம்புவான். நான் வாளிக்குள்ளையிருந்து எடுத்து நட்டது எண்டு அவனுக்கு ஆர் சொல்லுறது? மனுசருக்குச் சொன்ன பொய் மனுசரோடை போயிடும். உந்தத் தாளிலை எழுதின பொய் போகாது."

"உங்களுக்கு நூறு வருசத்துக்குப் பிறகு வாறவனை யோசிக்கத் தெரியுது. என்னை யோசிக்கத் தெரியேல்லை. நீங்கள் அந்தக் கதிரையிலை இருக்கிறதைத் திரும்பவும் என்னாலை பார்க்கேலாது. அலுத்துப்போச்சு எனக்கு. இந்த ஈரப் பேப்பரும், வாளியும், உங்கடை முழங்காலும்… எல்லாம் அலுத்துப்போச்சு."

அழுகை வந்தது. குசினிக்குள் போனாள். சட்டி ஒன்றைத் தேவையில்லாமல் தேய்த்தாள். வெளியில் ஷிப்லி விடைபெறுகிற சத்தம் கேட்டது.

இரவுச் சாப்பாட்டுக்கு இடியப்பமும் சொதியும் வைத்தாள். தின்று முடிந்ததும் அவர் மேசையைத் துடைத்து, மெற்றில்டா வீட்டிலிருந்து கொண்டுவந்த பேப்பர்க் கட்டைப் பிரித்தார். பூ தட்டையாகி, கொலர் தெரியப் படிந்திருந்தது. வழமைபோலத் துண்டையும் பேனையையும் அவளிடம் தள்ளினார். வழமைபோல அவர் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். இடம், திகதி, உயரம், நிழல், மண்ணின் நிறம். கடைசியில் அவர் நிறுத்திவிட்டார்.

"கண்ட எண்ணிக்கை?" என்று கேட்டாள்.

"ஒண்டு."

எழுதினாள். "மிச்சம்?"

அவர் தண்ணிக் கோப்பையை எடுத்தார். குடிக்கவில்லை. அறுபத்தாறு வயதுக் கிழவன், பரீட்சையில் பிடிபட்ட பெடியன் மாதிரி மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவளுக்கு அப்போது கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. அவர் சொல்லட்டும் என்று காத்திராமல், 'மிச்சம் இல்லை. சேகரித்தவர் கிழங்கோடு எடுத்துவிட்டார்' என்று எழுதி, தாளை அவர் பக்கம் திருப்பினாள். அவர் வாசித்தார். நடுங்கிய கையாலேயே கையெழுத்து வைத்தார்.

புதன்கிழமை அவளும் வேனில் போனாள். வாளியை மடியில் வைத்திருக்க ஆள் வேண்டும் என்று சொல்லிப் போனாள். கமிட்டியில் ஐந்து பேர். நடத்தியவன் றொஹான் என்ற இளம் வன அதிகாரி. சரிவில் இறங்கி, தியாகராசா இடத்தைக் காட்டினார். ஒரு சட்டி அளவு குழி. மழைத்தண்ணி நின்றது, சருகு மிதந்தது. சுற்றிலும் ஒன்றும் நசியவில்லை. "இங்கேதான் நின்றது. நான்தான் எடுத்தேன்," என்று சிங்களத்தில் சொன்னார். கொம்பனிக்காரன் செருமினான்.

றொஹான் வாளியைப் பொறுப்பெடுத்தான். அரசாங்கத் தோட்டத்துக்குப் போகும் என்றான். யார் பராமரித்தது என்று கேட்டான்.

"நான்," என்றாள் கனகேஸ்வரி. சந்தைச் சிங்களம்தான், ஆனால் போதும். "மழைத்தண்ணி மட்டும் ஊற்றுங்கள் மாத்தையா. ஒருநாள் விட்டு ஒருநாள். காலையில் இலை நீளப்பாட்டுக்கு மடிந்திருக்கும், வாடிவிட்டது என்று நினைக்கவேண்டாம், வெளிச்சம் வர விரியும். அடியில் ஊதா நிறத்தில் மூன்று வரி இருக்கும். பழுத்தால் வரிதான் முதலில் மங்கும். கீழ்ப்பக்கத்தைத் தேய்த்துப் பார்த்தால் வெள்ளரிக்காய் மணக்கும்."

றொஹான் எழுதிக்கொண்டே நிமிர்ந்து அவளைப் பார்த்தான். "இதெல்லாம் எந்தப் புத்தகத்தில் இருக்கிறது?"

"புத்தகத்தில் இல்லை. துடைக்கத் துடைக்கத் தெரிந்தது."

மூன்று கிழமையில் கடிதம் வந்தது. தியாகராசாவின் பெர்மிட் ரத்து. வழக்கு இல்லை, தானாக ஒப்புக்கொண்டதால் எச்சரிக்கையோடு விட்டார்கள். ஆனால் கல் உடைக்க இன்னும் அனுமதி இல்லை. அந்தச் செடி அதே காட்டில் வேறு எங்காவது நிற்கிறதா என்று தேடிப் பார்க்க இரண்டு மாதம். அதற்குள் காணாவிட்டால் கொம்பனிக்காரன் விருப்பம்.

அவர் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, யன்னலோரக் கதிரையில் போய் இருந்தார்.

அடுத்தநாள் ஷிப்லியின் போன். "அன்ரி, பூ இல்லாம இலய மட்டும் கண்டு இதுதான் எண்டு சொல்ல நாட்டுல ரெண்டு பேர்தான் ஈக்கிறீங்க. சேருக்குப் போக ஏலா. றொஹான் உங்கட பேரத்தான் சொன்னார்."

"எனக்கு அறுபத்தொண்டடா ஷிப்லி."

"மெல்ல நடப்பம் அன்ரி."

அவள் போனை வைத்துவிட்டு மனுசனைப் பார்த்தாள். அவர் எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். எழும்பிப் போய் கட்டிலுக்கு அடியில் இருந்து அட்டை ஏறாமல் தான் போடுகிற காலுறையைத் தேடி எடுத்து வந்தார். அவளைக் கதிரையில் இருத்தி, முழங்கால் நோக நிலத்தில் இருந்து, காலில் போட்டுக் கட்டிக் காட்டினார். சவர்க்காரத்தை முதல் பூசவேணும் என்றார். ஓடை ஈரத்தோடையே பார், மேலே ஏறாதை என்றார். கடைசி முடிச்சைப் போட்டுவிட்டு நிமிராமலே சொன்னார்.

"காணாட்டி, இல்லை எண்டு எழுது. கண்டால் கை வையாதை."

முதல்நாள் ஒன்றும் இல்லை. இரண்டாம் நாள் ஒன்றும் இல்லை. கனகேஸ்வரி இருபது அடிக்கு ஒருக்கால் இருந்து மூச்சு வாங்கினாள். காடு அவள் நினைத்த மாதிரி இல்லை. எதுவும் தட்டையாக இல்லை. எல்லாம் ஒன்றோடொன்று பிணைந்து, நனைந்து, மணந்து கிடந்தது. அட்டை காதுக்குப் பின்னால் ஏறியது. மத்தியானம் பாறையில் இருந்து சோற்றுப் பார்சலைப் பிரித்தபோது, இந்த மனுசன் எத்தனை நாள் இப்படித் தனியே இருந்து தின்றிருப்பார் என்று நினைத்தாள். மனம் பாரமாகிவிட்டது.

மூன்றாம் நாள் காலை, வெளிச்சம் வரமுன்னம் ரோர்ச்சோடு இறங்கினாள். இலை மடிந்திருக்கிற நேரத்தில் தேடவேணும் என்பது அவளுடைய யோசனைதான். குழிக்குக் கீழே, அவர் கிண்டிக் கொட்டிய மண்ணை மழை கழுவிக்கொண்டுபோன வழியில், கண் வைத்து வைத்து இறங்கினாள். முப்பது அடி கீழே, ஒரு வேரின் மறைவில், நீளப்பாட்டுக்கு மடிந்து ஒற்றை இலை நின்றது. சுண்டுவிரல் அளவுதான். குனிந்து, அடியைப் பார்த்தாள். ஊதா வரி. ஒன்று, இரண்டு, மூன்று. அவர் பொறுக்கத் தவறிய குட்டிக் கிழங்கு ஒன்று.

கீழ்ப்பக்கத்தைத் தேய்த்து மணந்துபார்க்கக் கை போனது. பாதியில் நிறுத்திவிட்டாள். முழங்காலை மடித்து, மீன் மணக்கிற மெற்றில்டா அன்று கிடந்த மாதிரி, கன்னத்தை ஈர மண்ணில் வைத்துக் கிடந்து மூக்கைக் கொண்டுபோனாள். வெளிச்சம் வந்தது. இலை மெல்ல விரிந்தது. வெள்ளரிக்காய் மணத்தது.

மேலே நின்ற ஷிப்லியைக் கூப்பிடமுன்னம் வீட்டுக்குப் போன் எடுத்தாள். முதல் மணியிலேயே எடுத்தார்.

"நிக்குது," என்றாள்.

மற்றப் பக்கம் ஒரு கோச்சி போகிற சத்தம் கேட்டது. அது முழுக்கப் போய் முடிய அவர் கேட்டார்.

"எத்தினை?"

"ஒண்டு."

அவர் மூச்சு விடுகிறது கேட்டது.

"விட்டிட்டு வா," என்றார்.